மேற்படியார் பெருமூச்சு

ஷெட் கதவில் ஒட்டியிருந்த அறிவிப்பை முதலில் படித்தது ஓர் ஆடு. நிதானமான ஆடு. மேலே நாலு வரியையும் கீழே இருந்த முத்திரையையும் தின்றுவிட்டு, நடுப்பகுதியை எனக்கென்று விட்டுவைத்திருந்தது. அதில் இருந்தது இவ்வளவுதான்: "மேற்படி நீராவி எஞ்சினைப் பாதுகாத்துப் புதுப்பிக்கப் போதிய ஆதரவு இருப்பதாக, இந்த ஆண்டு முடிவதற்குள் உரிய அலுவலகத்தின் வழியாகத் தெரிவிக்கப்படாவிட்டால், அது வெட்டிப் பிரிக்கப்படும்."

உரிய அலுவலகம் எது என்பது ஆட்டின் வயிற்றுக்குள் போய்விட்டது.

மேற்படி எஞ்சினுக்கு எண் ஒன்று உண்டு. யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பெயர் பெருமூச்சு. எந்த ஸ்டேஷனில் நின்றாலும், 'இதுக்கா இவ்வளவு தூரம் வந்தோம்' என்பதுபோல் ஒரு மூச்சு விடும். பிளாட்பாரத்தில் நிற்கிறவர்களும் தன்னையறியாமல் கூடவே விடுவார்கள். ஒரு தடவை அது விட்ட மூச்சில் ஸ்டேஷன் மாஸ்டரின் தொப்பி பறந்துபோய் அடுத்த ஸ்டேஷனில் விழுந்தது. அங்கே இருந்த போர்ட்டர் அதை எடுத்துப் போட்டுக்கொண்டு ஒன்பது நாள் நிர்வாகம் செய்தார். அந்த ஒன்பது நாளும் ரயில்கள் சரியான நேரத்துக்கு வந்தன.

அந்த எஞ்சினில் நான் பத்தொன்பது வருஷம் கரி அள்ளிப் போட்டேன். சம்பளப் பட்டியலில் ஃபயர்மேன். வீட்டில் என் மனைவிக்கும், வண்டியில் கூட ஓடினவர்களுக்கும் 'கரிக்கட்டை'. அவள் போய் ஆறு வருஷம் ஆகிறது. டிரைவர் அதற்கும் முன்னால் போய்விட்டார். மகள் கடல் தாண்டி இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணுவாள். நான் ஆரம்பிப்பதற்குள், "சரிப்பா, உடம்பைப் பாத்துக்கோ, வெச்சுடறேன்" என்பாள். உடம்பை நானும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். பார்க்க வேறு என்ன இருக்கிறது?

வீட்டில் இரண்டு நாற்காலிகள். ஒன்றில் நான் உட்கார்ந்தால் இன்னொன்று என்னையே பார்க்கும். அதனால் தினமும் சாயங்காலம் நாலு மணிக்கு ஷெட்டுக்குப் போய்விடுவேன். பெருமூச்சை அங்கே கடைசித் தண்டவாளத்தில் தள்ளிவிட்டு முப்பத்தோரு வருஷம் ஆகிறது. அதன் படிக்கட்டில் உட்கார்ந்து அன்றைய விலைவாசியைச் சொல்வேன். அது எதிர்த்துப் பேசாது. ஆறு மணிக்கு எழுந்து வருவேன். இதை வெட்டிவிட்டால் நாலிலிருந்து ஆறு வரை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. வேறு பெரிய கொள்கை எதுவும் எனக்கு இருந்ததாக யாரும் நினைத்துவிடக் கூடாது.

ஆதரவு திரட்டக் கிளம்பினேன். முடிதிருத்துகிறவர்தான் முதல் ஆள்.

"எஞ்சினுக்கு எதுக்குண்ணே ஆதரவு? தேர்தல்ல நிக்குதா?"

"சும்மாத்தான் நிக்குது. கையெழுத்துப் போடு."

"என் கடைக்கு வந்து மூணு மாசமாச்சு. தலையைக் கொடுங்க, கையெழுத்தைத் தர்றேன்."

இப்படித் தலையைக் கொடுத்தும், தையல்காரரிடம் கால்சட்டையைக் கொடுத்தும், மருந்துக் கடையில் இல்லாத இருமலுக்கு மருந்து வாங்கியும், ஒரு மாதத்தில் நாற்பத்தோரு கையெழுத்துச் சேர்த்தேன். அதில் இரண்டு, எங்கள் ரயிலில் கொடி காட்டிய பழைய கார்டுடையவை. போட்டதை மறந்துவிட்டு இரண்டாவது தடவையும் போட்டார். இரண்டு தடவையும் முடித்ததும் என்னை நிமிர்ந்து பார்த்து, "தம்பி யாரு?" என்று கேட்டார்.

அரசு அலுவலகம் ஆறு மாடிக் கட்டடம். விசாரணை ஜன்னலில், "எதுக்கு வந்தீங்க?" என்றார்கள். "ஆதரவுக்கு" என்றேன். "மூணாவது மாடி" என்றார்கள். மூன்றாவது மாடியில் பெயர்ப்பலகையைப் பாதி மறைத்துக்கொண்டு ஒரு பீரோ நின்றது. 'ஆதரவ' என்பது வரை தெரிந்தது. கடைசி எழுத்துக்குச் சுழி போட மறந்துவிட்டார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு உள்ளே போனேன். அது ஆதரவற்றோர் நலப் பிரிவு என்பது பீரோவை நகர்த்தினால் தெரிந்திருக்கும். அதை நகர்த்த ஐந்தாவது மாடியில் அனுமதி வாங்க வேண்டுமாம்.

மேசைக்குப் பின்னால் ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு, "சொல்லுங்க பெரியவரே" என்றார்.

"வயசாயிடுச்சும்மா. கவனிக்க ஆளில்லை. ஆதரவில்லாம நிக்குது. வருஷம் முடியறதுக்குள்ள ஏதாவது பண்ணலைன்னா வெட்டிடுவாங்க."

அந்தம்மா பேனாவைக் கீழே வைத்தார். "வெட்டிடுவாங்களா? யாரு?"

"வேற யாரு, சொந்தக்காரங்கதான்."

"அதானே பாத்தேன். வெளியாளுக்கு அந்தத் தைரியம் வராது." ஒரு படிவத்தை எடுத்தார். "பேரு?"

"பெருமூச்சு."

"வீட்டுல கூப்பிடற பேரு போல. வயசு?"

"எண்பத்தெட்டு."

"எங்க தங்கியிருக்காரு?"

"ஷெட்டுல."

"ஐயோ பாவம். கூரை இருக்கா?"

"பாதி இருக்கு."

"சாப்பாடு?"

"கரி, தண்ணி. இப்ப அதுவும் இல்லை."

"இந்த வயசுல கறி எதுக்கு? செரிக்காது. கஞ்சின்னு போட்டுக்கறேன். புகைப்பழக்கம் உண்டா?"

"பயங்கரமா. ஊரே இருமும்."

"இப்பவுமா?"

"விட்டு முப்பத்தோரு வருஷமாச்சு."

"கெட்டிக்காரர். நடப்பாரா?"

"தண்டவாளம் இருந்தா நடக்கும்."

அந்தம்மா எழுதியதைத் தலைகீழாகப் படித்தேன். 'எதையாவது பிடித்துக்கொண்டு நடப்பார்.' நான் எஞ்சினைப் பற்றித்தான் பேசினேன். அவர் ஒரு கிழவரைப் பற்றித்தான் எழுதினார். இரண்டு பேரும் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. இணைப்பில் நாற்பத்தோரு கையெழுத்துகளையும் சேர்த்துக் குத்தி, கோப்புக்கு ஓர் எண் போட்டார்.

அடுத்த வாரம் துறையின் மருத்துவ அலுவலர் பையோடு ஷெட்டுக்கு வந்தார்.

"பயனாளி எங்கே?"

"இதோ."

ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "இது எஞ்சின்."

"ஆமாங்க."

"ஆள் இல்லை."

"இல்லைங்க."

அவர் தண்டவாளத்தில் உட்கார்ந்தார். அப்போதுதான் எனக்கும் முழுசாக விளங்கியது. "தப்பு நடந்துபோச்சுங்க. மனுவைத் திருப்பிக் கொடுத்துடுங்க, சரியான ஆபீசுக்குப் போயிக்கறேன்" என்றேன்.

"எண் விழுந்துடுச்சே" என்றார் கவலையாக. "எண் விழுந்த பிறகு ஆளே இல்லைன்னு எழுதினா, எண் எப்படி விழுந்ததுன்னு கேப்பாங்க. ஆளா, ஆளில்லையான்னு கேக்கற கட்டம் இந்தப் படிவத்துல இல்லை. இல்லாத கட்டத்தை நான் எப்படி நிரப்பறது?"

இருக்கிற கட்டங்களை நிரப்பினார். நாடி: தென்படவில்லை. உடல் வெப்பம்: அன்றைய வானிலை. கேட்கும் திறன்: கூப்பிட்டுப் பார்த்தும் திரும்பவில்லை. முடி: இல்லை. ஸ்டெதாஸ்கோப்பைக் கொதிகலனில் வைத்துக் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். உள்ளே குருவி கூடு கட்டியிருந்தது. அது ஏதோ பேசியிருக்க வேண்டும். 'நெஞ்சில் லேசான கீச்சொலி' என்று எழுதினார்.

"இறந்துட்டார்னு எழுதினா எனக்கு வேலை மிச்சம். ஆனா இறந்த தேதி கேக்கும்."

"அது சாகலை."

என் குரலைக் கேட்டு அவர் நிமிர்ந்தார். "சரி, நிலைமை சீராக உள்ளதுன்னு போடறேன். எங்க பயனாளிகள்ல இவ்வளவு சீரா யாரும் இருந்ததில்லை."

விஷயத்தை மேலிடத்தில் சொல்லிவிடலாம் என்று போனால், அன்றைக்குத் தனிமை ஒழிப்பு வாரத்தின் தொடக்க விழா. இருநூறு நாற்காலி போட்டிருந்தார்கள். என்னையும் மைக் செட்காரரையும் தவிர யாருமில்லை. இயக்குநர் எழுதிக்கொண்டு வந்ததைப் படித்தார்.

"கடலெனத் திரண்டிருக்கும் பெருமக்களே. தனிமை ஒரு துயரம் என்பார்கள். இல்லை, அது ஒரு துறை. சென்ற ஆண்டு நாம் ஒன்பதாயிரம் பேரின் தனிமையைப் பதிவு செய்தோம். இந்த ஆண்டு அதைப் பதினோராயிரமாக உயர்த்திக் காட்டுவோம். இத்துறையை நாடி வந்த ஒருவரையும் நாம் திருப்பி அனுப்பியதில்லை. நாளை வாருங்கள் என்றுதான் சொல்லியிருக்கிறோம். காரணம், நாளை வருவதற்கு ஓர் இடம் இருக்கிறது என்ற நம்பிக்கையை முதியவர்களுக்கு நம்மைவிட வேறு யார் தர முடியும்? சிலர் அந்த நம்பிக்கையிலேயே பல ஆண்டுகள் வாழ்ந்து, நம் வரிசையிலேயே அமைதியாகக் கண்ணை மூடியிருக்கிறார்கள். அவர்களின் இடத்தை அடுத்தவருக்குக் கொடுத்திருக்கிறோம்."

நான் கைதட்டினேன். மைக் செட்காரர் என்னிடம், "இன்னும் முடியலைங்க" என்றார்.

விழா முடிந்ததும் இயக்குநரிடம் போய், பயனாளி ஓர் எஞ்சின் என்று சொன்னேன். யோசித்துவிட்டு, "இருக்கட்டுமே" என்றார். "முப்பத்தோரு வருஷமா யாரும் கண்டுக்காம நிக்குதுங்கறீங்க. இதுவரைக்கும் ஒரு புகார் கடிதம்கூட எழுதலை. எங்களுக்கு வேண்டியதே இந்த மாதிரி ஆளுங்கதான்."

அதன்பிறகு பேச்சுத்துணை அலுவலர் வர ஆரம்பித்தார். தனியாக இருக்கும் முதியவர்களிடம் வாரத்துக்கு அரைமணி நேரம் பேசுவது அவர் உத்தியோகம். புதன்கிழமை நாலரைக்கு வருவார். மடக்கு நாற்காலியை விரித்துப் பெருமூச்சுக்கு எதிரே போட்டுக்கொண்டு கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். பிறகு தாளைப் பார்த்துப் படிப்பார்.

"வணக்கம். சாப்பிட்டீங்களா?"

பெருமூச்சு சும்மா இருந்தது.

"ராத்திரி நல்லாத் தூங்கினீங்களா?"

அதற்கும் சும்மா இருந்தது.

"இந்த வாரம் உங்களைப் பார்க்க யாராவது வந்தாங்களா?"

'பதில் இல்லை. பிடிவாத குணம்' என்று எழுதிக்கொண்டு, மிச்ச நேரத்துக்குத் தன் மாமனார் செய்த அநியாயங்களை அதனிடம் சொல்வார். நான் பின்னால் படிக்கட்டில் உட்கார்ந்திருப்பேன். மூன்றாவது புதன்கிழமை, "சாப்பிட்டீங்களா?" என்று அவர் கேட்டபோது என்னையறியாமல், "சாப்பிட்டேன். ரொட்டியும் நேத்து வெச்ச குழம்பும்" என்று சொல்லிவிட்டேன்.

அவர் திரும்பிப் பார்த்தார். "நீங்க பதில் சொல்லக் கூடாது. பயனாளி அவருதான்."

"அது சொல்லாதுங்க."

"சொல்லாட்டியும் கேள்வி அவருக்குத்தான்."

அடுத்த வாரத்திலிருந்து வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டேன். சாப்பிட்டேன். தூங்கினேன், இரண்டு தடவை எழுந்தேன். யாரும் வரலை. புதன்கிழமைகளில் மட்டும் சட்டையை மாற்றிக்கொண்டு போக ஆரம்பித்திருந்தேன். மாமனார் கதையிலும், உள்ளதைச் சொன்னால், எனக்கு ருசி தட்டிவிட்டது.

ஆண்டு முடியப் பத்து நாள் இருக்கும்போது மூன்றாவது மாடியிலிருந்து ஆள் விட்டார்கள். அந்தம்மா கோப்பை விரித்து வைத்திருந்தார். முகம் சரியில்லை.

"பெரியவரே, எல்லாம் கூடி வந்துச்சு. காப்பகத்துல இடம் ஒதுக்கியாச்சு, தூக்கிட்டு வர வண்டிக்குக்கூடச் சொல்லியாச்சு. கடைசியில தகுதியில அடிபட்டுப் போச்சு."

"எஞ்சின்னு தெரிஞ்சுபோச்சா?"

"அது யாருக்கு வேணும்? இதைப் பாருங்க. ஆதரவற்றவர்னு விண்ணப்பம். இணைப்புல நாப்பத்தோரு பேர் ஆதரவு தர்றோம்னு கையெழுத்துப் போட்டிருக்காங்க. நாப்பத்தோரு பேர் ஆதரவு எங்க இயக்குநருக்கே கிடையாது. போதாததுக்குப் பேச்சுத்துணை அறிக்கை. 'தினமும் நாலு மணிக்கு ஒருவர் வந்து இரண்டு மணி நேரம் உடன் இருக்கிறார். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லும் அளவுக்கு நெருக்கம்.' இப்படி ஆள் இருக்கறவருக்கு அரசு எப்படி ஆதரவு கொடுக்கும்?"

"அப்ப வெட்டிடுவாங்களே."

"யாருமில்லைன்னு ஆயிட்டா வெட்ட விட மாட்டோம். முதல்ல யாருமில்லாம ஆக்கிட்டு வாங்க."

திரட்டிய ஆதரவைக் கலைக்கக் கிளம்பினேன். சேர்க்க ஒரு மாதம் ஆனது. கலைக்க ஒரு காலைப்பொழுது போதுமானதாக இருந்தது. முடிதிருத்துகிறவர், "இதைத்தான் நான் அன்னிக்கே சொன்னேன்" என்று சொல்லி, தலையைக்கூடக் கேட்காமல் வாபஸ் எழுதிக் கொடுத்தார். தையல்காரர் எழுதினார். மருந்துக் கடைக்காரர், தான் அப்படி ஓர் எஞ்சினைக் கேள்விப்பட்டதே இல்லை என்று ஒரு வரி கூடுதலாகவே எழுதினார். பழைய கார்டு மட்டும் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார்.

"பெருமூச்சா? அதுக்கு நான் ஆதரவு இல்லைன்னு எழுதணுமா? எதுக்கு?"

"அதோட நல்லதுக்குத்தான்."

"சரி" என்று எழுதினார். எழுதிவிட்டு அன்றைக்கு மட்டும் என்னை அடையாளம் கண்டு, "கரிக்கட்டை, உனக்கென்னடா ஆச்சு?" என்றார்.

மிச்சம் இருந்தது நான். அந்தம்மா ஒரு பிரமாணப் பத்திரத்தை நீட்டினார். அச்சடித்த வாசகம்: 'மேற்படியாருக்கும் எனக்கும் யாதொரு உறவும் பழக்கமும் இல்லை. அவரை நான் பார்த்ததில்லை. இனிப் பார்க்கப் போவதும் இல்லை. அவருக்கு இவ்வுலகில் யாருமில்லை என்பதை நான் நன்கு அறிவேன்.'

"பாத்ததே இல்லாத ஒருத்தருக்கு யாருமில்லைன்னு எனக்கு எப்படிம்மா தெரியும்?"

"எல்லாரும் கேக்கறாங்க. அது மாதிரிப் படிவம் பெரியவரே. மூணு பிரதி."

கையெழுத்துப் போட்டால் அது இருக்கும், எனக்கு இருக்காது. போடாவிட்டால் யாருக்கும் இருக்காது. கணக்கு எளிதானதுதான். ஆனாலும் பேனா முதல் பிரதியில் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டது. இரண்டாவதில் பழகிவிட்டது. மூன்றாவதில் நானே அதை நம்ப ஆரம்பித்திருந்தேன்.

அந்தம்மா மை உலரும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். "உங்க வீட்டுல யாரு இருக்கா?"

"ரெண்டு நாற்காலி."

சுற்றிலும் பார்த்துவிட்டு, இழுப்பறையைக் கொஞ்சம் திறந்தார். "உங்களுக்கும் ஒரு படிவம் தரட்டுமா?"

"எனக்கு மக இருக்காம்மா."

"அப்பக் கிடைக்காது" என்று இழுப்பறையை மூடினார்.

ஆண்டின் கடைசி நாளைக்கு முதல் நாள், நாற்பது சக்கர வண்டி ஒன்று வந்து பெருமூச்சைத் தூக்கிக்கொண்டு போனது. உறவில்லாதவன் என்பதால் நான் தெருமுனையில் நின்று, வேறு எதையோ பார்ப்பவன்போல் பார்த்தேன்.

அதன்பிறகு எல்லாம் செய்தித்தாளில் படித்ததுதான். காப்பகத்தில் சேர்த்தவரைக் குணமாக்கியே தீர வேண்டும் என்பது துறையின் விதி. கட்டம் இருந்தால் நிரப்பித்தானே ஆக வேண்டும். 'மூச்சுக்குழாய் மாற்று சிகிச்சை' என்ற தலைப்பில் கொதிகலனின் நூற்று நாற்பது குழாய்களையும் புதிதாக மாற்றினார்கள். கண் சிகிச்சை என்று முன்விளக்கு. தோல் சிகிச்சை என்று கறுப்பும் சிவப்புமாகச் சாயம். எட்டாவது மாதம், மருத்துவர் ஆலோசனைப்படி அதற்கு மாதம் ஒருநாள் உடற்பயிற்சி என்றும், காப்பக வளாகத்துக்குள் இருநூறு அடித் தண்டவாளம் போட்டிருக்கிறார்கள் என்றும் போட்டிருந்தது. எந்தப் பாரம்பரியக் கழகமும் எந்த ரயில் அருங்காட்சியகமும் செய்யாத அளவுக்குச் செய்துவிட்டார்கள். யாருமில்லாதவருக்கு நம் அரசு எப்போதுமே ஒரு குறையும் வைப்பதில்லை.

நான் இரண்டு பஸ் மாறிப் போனேன். காப்பகத்துக்கு உயரமான சுவர். வாசலில் ஒரு காவலர்.

"யாரைப் பாக்கணும்?"

"பெருமூச்சை."

"இன்னிக்கு அவருக்கு உடற்பயிற்சி. சொந்தக்காரங்களைத்தான் உள்ள விடுவோம்." பதிவேட்டைத் திறந்து, பேனா மூடியைக் கழற்றினார். "நீங்க அவருக்கு என்ன வேணும்?"

பதிவேட்டில் பெருமூச்சின் பக்கத்தில் ஒரு தாள் குத்தியிருந்தது. மூன்றாவது பிரதி. என் கையெழுத்து எனக்கே நன்றாக இருந்தது. உண்மையைச் சொன்னால் தாள் பொய்யாகும். தாள் பொய்யானால் அதற்கு ஆள் இருக்கிறது என்றாகும். ஆள் இருந்தால் இந்தச் சுவரும் சாயமும் நூற்று நாற்பது குழாய்களும் போய், பழைய இடத்தில் வெட்டுகிறவர்கள் வந்து நிற்பார்கள்.

"ஒண்ணும் வேணாம்" என்றேன்.

"ஒண்ணும் வேணாம்னா எதுக்கு வந்தீங்க?"

"இந்தப் பக்கமா வந்தேன். கால் வலிச்சுது."

நல்ல மனிதர். தன் ஸ்டூலை நகர்த்திப் போட்டார். உட்கார்ந்தேன். அங்கிருந்து பார்த்தால் சுவருக்கு மேல் புகைபோக்கியின் நுனி மட்டும் தெரிந்தது. அதிலிருந்து புகை கறுப்பாக, கட்டி கட்டியாக வந்துகொண்டிருந்தது. என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"கரியை ஒரே இடத்துல கொட்டறாங்க" என்றேன். "பரவலாத் தூவணும். கொஞ்சங் கொஞ்சமா. இப்படிப் போட்டா நெருப்பு மூச்சு முட்டிப்போகும்."

"உங்களுக்கு இதெல்லாம் பழக்கமா?"

"பழக்கமில்லை. எங்கயோ கேள்விப்பட்டேன்."

காவலர் புகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், எழுந்து உள்ளே போனார். நான் புகையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் கறுப்பு மெலிந்து சாம்பல் நிறமானது. பிறகு வெள்ளையாக, இருக்கிறதா இல்லையா என்று தெரியாதபடி ஆனது. அப்படித்தான் இருக்க வேண்டும்.

காவலர் திரும்பி வந்தார். "சரியாயிடுச்சு. சொன்னது யாருன்னு உள்ள கேட்டாங்க."

"என்ன சொன்னீங்க?"

"யாருமில்லை, வழியில போறவருன்னு சொன்னேன். சரிதானே?"

"சரிதான்" என்றேன்.

அடுத்த மாத உடற்பயிற்சி எந்தக் கிழமை என்று மட்டும், பஸ் நேரம் விசாரிக்கிற மாதிரி, கேட்டு வைத்துக்கொண்டேன்.